சுத்தியலைத் தூக்கச் சொல்பவர்களுக்கு...

"வேலை போச்சா? போனா போகுது. கை கால் நல்லாத்தானே இருக்கு? ஒரு தொழிலைக் கத்துக்கோ. பிளம்பருக்கும் வெல்டருக்கும் எந்தக் காலத்துலயும் வேலைக்குப் பஞ்சம் கிடையாது. அதை விட்டுட்டு ரெண்டு வருஷமா அரசாங்கக் காசுல உட்கார்ந்து சாப்பிடறது சோம்பேறித்தனம்."

2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் வானொலியைத் திருப்பினால், டிவியைப் போட்டால், பத்திரிகையின் நடுப்பக்கத்தைப் பிரித்தால் இந்த உபதேசம்தான். 2021ல் மறுபடி அதே உபதேசம், சொல்லும் ஆட்கள் மட்டும் வேறு. அடுத்த மந்தம் வரும்போது மூன்றாவது முறையும் வரும், சந்தேகமே வேண்டாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது பாருங்கள், அதுதான் இதில் ஆபத்து. உழைப்பைப் புகழ்வது போல் ஆரம்பித்து, உழைத்தவன் கையில் இருப்பதைப் பிடுங்குவதில் போய் முடிகிற பேச்சு இது.

முதலில் அந்த "ரெண்டு வருஷம்" எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் வேலை போனவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வழக்கமாகக் கிடைத்து வந்தது 26 வாரம். 2008 ஜூன் மாதம் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ் அவசரகால நீட்டிப்பு ஆரம்பித்தது. (ஆமாம், புஷ்தான். ஒபாமாதான் இதை ஆரம்பித்தார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.) பிறகு நாலு படிகளாக அது 53 வாரம் வரை நீண்டது. இதற்கு மேல் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலையின்மை அதிகமான மாநிலங்களுக்கு இன்னொரு 20 வாரம். 26, 53, 20. கூட்டினால் 99. இதில் யாரும் சொல்லாமல் விடுகிற விஷயம், இந்த 99ம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பது. மாநிலத்தின் வேலையின்மை விகிதம் மிக அதிகமாக இருந்தால்தான் கடைசிப் படிகள் திறக்கும். அதாவது எங்கே வேலையே இல்லையோ அங்கே மட்டும்தான் 99.

அப்புறம் தொகை. 2010ல் சராசரியாக வாரத்துக்குச் சுமார் 300 டாலர். மிசிசிப்பி மாநிலத்தில் அதிகபட்சமே 235 டாலர்தான். நம் ஊர்க் கணக்கில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், அங்கே வீட்டு வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். இன்னொரு வேடிக்கை, இந்தப் பணத்துக்கு மத்திய அரசின் வருமான வரியும் உண்டு! உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் சாப்பாட்டுக்கும் வரி.

சரி, இது யார் பணம்? இங்கேதான் வணிகவியல் பாடத்தில் முதல் வருஷம் சொல்லித்தரும் விஷயத்தையே பெரிய பெரிய செனட்டர்கள் மறந்துவிடுகிறார்கள். இதன் பெயரிலேயே 'இன்சூரன்ஸ்' இருக்கிறது. 1932ல் விஸ்கான்சின் மாநிலம் முதலில் சட்டம் போட்டது, 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதுக்கும் கொண்டுபோனது. அன்று முதல் முதலாளிகள் ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளக் கணக்கிலும் இதற்கென்று வரி கட்டுகிறார்கள். தொழிலாளிக்கு ஆகும் மொத்தச் செலவில் இது ஒரு பகுதி, ஆகவே கடைசியில் அவன் சம்பளத்திலிருந்துதான் இது கழிகிறது என்பது பொருளாதாரப் புத்தகங்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. நீட்டிப்புக் காலத்துச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு தன் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தது உண்மை. ஆனால் வாங்கத் தகுதி வேண்டுமானால் ஏற்கெனவே உழைத்திருக்க வேண்டும். தானாக வேலையை விட்டவனுக்குப் பொதுவாகக் கிடையாது. தவறு செய்து நீக்கப்பட்டவனுக்கும் கிடையாது. வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும், தேடியதைப் பதிவு செய்ய வேண்டும், பொருத்தமான வேலை வந்து மறுத்தால் பணம் நிற்கும். ஒருநாளும் உழைக்காத சோம்பேறிக்கு இதில் ஒரு பைசா வராது என்பதுதான் சட்டம். குடோனுக்குத் தீக்காப்பீடு எடுத்தவர், தீப்பிடித்த பிறகு பணம் கேட்டால் யாராவது "உழைக்காமல் சாப்பிடப் பார்க்கிறான்" என்பார்களா? முதலாளி கேட்டால் கிளைம். தொழிலாளி கேட்டால் பிச்சை. என்ன நியாயமோ!

இப்போது அந்தப் பிளம்பர், வெல்டர் விஷயத்துக்கு வருவோம். உபதேசத்தின் மையமே அதுதானே.

2008 மந்தம் எதனால் வந்தது? வீட்டுக் கடன், வீட்டு விலை, வீடு கட்டும் வெறி. 2005ல் அமெரிக்காவில் கட்ட ஆரம்பித்த வீடுகள் 20 லட்சத்துக்கு மேல். 2009ல் அது சுமார் 5.5 லட்சம். நாலில் மூன்று பங்கு காணாமல் போயிற்று. வீடு கட்டுகிறவர்கள் யார்? தச்சர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர், கூரை போடுகிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், பெயிண்டர். கட்டுமானத் துறையில் 2006ல் சுமார் 77 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2010ல் சுமார் 55 லட்சம். 22 லட்சம் வேலை போயிற்று. 2010 பிப்ரவரியில் கட்டுமானத் துறையின் வேலையின்மை விகிதம் 27.1 சதவீதம்! நாடு முழுவதற்குமான விகிதம் அந்த மந்தத்தில் தொட்ட உச்சமே 2009 அக்டோபரின் 10 சதவீதம்தான். பிப்ரவரி குளிர்காலம், அதனால் கொஞ்சம் கூடித் தெரியும் என்று விட்டுக்கொடுத்தாலும் கணக்கு மாறாது.

அதாவது, உதவித்தொகை வரிசையில் நின்றவர்களில் பெரிய கூட்டம் அந்தத் தச்சரும் அந்த எலக்ட்ரீஷியனும்தான். தொழில் கற்றவன் வரிசையில் நிற்கிறான், அவனைப் பார்த்து "போய் ஒரு தொழில் கற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் ஒரு கனவான். லாஸ் வேகாஸிலும் பீனிக்ஸிலும் ஃபுளோரிடாவிலும் பாதி கட்டி நின்ற வீடுகளுக்குப் பக்கத்தில் இந்த உபதேசத்தைச் செய்திருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியன் சங்கங்களின் நடைமுறை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் புரியும். ஐ.பி.இ.டபிள்யூ. என்ற மின்தொழிலாளர் சங்கத்தின் கிளைகளில் வேலையில்லாதவர்கள் ஒரு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். முன்னுரிமை உள்ள உள்ளூர் உறுப்பினர்களின் பட்டியலுக்குப் 'புக் ஒன்' என்று பெயர். கான்ட்ராக்டர் ஆள் கேட்டால் வரிசைப்படி அழைப்பார்கள். வேலை நிறைய இருக்கும் காலத்தில் அந்தப் பட்டியல் சட்டென்று காலியாகும். மந்தத்தில் அது நகரவே நகராது. (நம் ஐ.டி. கம்பெனிப் 'பெஞ்ச்' போல சம்பளத்தோடு காத்திருக்கும் வசதி இங்கே இல்லை.) இவர்கள் ஏதோ மூன்று மாத கோர்ஸ் முடித்தவர்கள் இல்லை. பொதுவாக ஐந்து வருட அப்ரண்டிஸ் பயிற்சி, சுமார் 8,000 மணி நேரம் தளத்தில் வேலை, அதற்கு மேல் வகுப்பு. அத்தனையும் முடித்தவர்கள்தான் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வாரம் 300 டாலருக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

புதிதாக ஒருவன் தொழில் கற்க வேண்டுமென்றால்? அப்ரண்டிஸ் பயிற்சி என்பதே வேலைதான். பள்ளிக்கூடம் போல் பணம் கட்டிச் சேர்ந்துவிட முடியாது, ஒரு கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்ந்த ஆட்களே சும்மா இருக்கும்போது எந்தக் கான்ட்ராக்டர் புது ஆளை எடுப்பார்? வேலைவாய்ப்பு குறையும்போது முதலில் மூடுகிற கதவு அப்ரண்டிஸ் கதவு. ஆக, உபதேசம் செய்கிறவர் காட்டும் வழி, மந்தம் வந்த அன்றே சுவராகிவிடுகிற வழி.

'டர்ட்டி ஜாப்ஸ்' டிவி நிகழ்ச்சி நடத்திய மைக் ரோ 2011 மே மாதம் செனட் கமிட்டி முன்னால் போய், கைத்தொழில்களை நாடு மதிக்கவில்லை, திறமையான ஆட்கள் பற்றாக்குறை வருகிறது என்று பேசினார். அவர் பேச்சில் நியாயம் உண்டு. கல்லூரி ஒன்றுதான் கதி என்று பிள்ளைகளை விரட்டியது தப்புதான். (இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும் விஷயமா என்ன?) ஆனால் அவர் பேசிய அதே மாதம் கட்டுமானத் துறை வேலையின்மை 15 சதவீதத்துக்கு மேல். பத்து வருஷம் கழித்து வரப்போகும் பற்றாக்குறை, இந்த மாத வாடகையைக் கட்டாது. நீண்டகாலத் திட்டத்துக்கான வாதத்தை எடுத்து உதவித்தொகையை வெட்டுவதற்கான கத்தியாக்கினார்கள் பாருங்கள், அங்கேதான் பித்தலாட்டம்.

இன்னொன்று. கைத்தொழிலுக்கும் இந்தக் காப்பீட்டுக்கும் உள்ள உறவு மந்தத்தில் மட்டும் வருவதில்லை. மின்னசோட்டாவிலோ விஸ்கான்சினிலோ ஜனவரியில் தரை உறைந்துவிடும், தார் போட முடியாது, கான்கிரீட் வேலை பாதி நின்றுவிடும். சாலை போடும் குழுவைக் கான்ட்ராக்டர் லே-ஆஃப் செய்வார், வசந்தத்தில் அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவார். நடுவில் அவர்கள் சாப்பிடுவது இந்தக் காப்பீட்டில்தான். இது இல்லாவிட்டால் கிரேடர் ஓட்டத் தெரிந்தவர் ஏதாவது குடோனில் நிரந்தர வேலைக்குப் போய்விடுவார், ஏப்ரலில் கான்ட்ராக்டர் புது ஆளைத் தேட வேண்டும். ஆட்களை அடிக்கடி நிறுத்தும் கம்பெனிக்கு வரி விகிதமும் ஏறும், கட்டுமானக் கம்பெனிகள் அதைக் கட்டிக்கொண்டுதான் தொழில் நடத்துகின்றன. அங்கே கைத்தொழில் நிற்பதே இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு கால் வைத்துத்தான். கைத்தொழிலா, உதவித்தொகையா என்ற கேள்வியே அந்தத் தொழிலை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள் போட்ட கேள்வி.

இதில் இன்னும் அநியாயம், கட்டுமான வேலை செய்கிற நிறையப் பேரைக் கம்பெனிகள் தொழிலாளியாகவே காட்டுவதில்லை. 'சுயேச்சைக் கான்ட்ராக்டர்' என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு வரச் சொல்வதும் அவர்கள், என்ன வேலை என்று சொல்வதும் அவர்கள், ஆனால் ஆள் மட்டும் 'சுயேச்சை'. அப்படி எழுதிவிட்டால் காப்பீட்டு வரி மிச்சம். வேலை போனால் அவனுக்குப் பூஜ்யம். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் இப்படிப்பட்டவர்களுக்கும் நாடு தழுவிய அளவில் ஏதாவது கிடைத்தது 2020ல் கொரோனா வந்தபோதுதான். அதுவும் தற்காலிகச் சட்டம், 2021 செப்டம்பரில் முடிந்துபோனது.

எதிர்த்தரப்பில் சரக்கே இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஹார்வர்ட் பேராசிரியர் ராபர்ட் பாரோ 2010 ஆகஸ்டில் ஒரு கணக்குப் போட்டார். 99 வார நீட்டிப்பு இல்லாமல் இருந்திருந்தால் வேலையின்மை 9.5க்குப் பதில் 6.8 சதவீதமாக இருந்திருக்கலாம் என்று. அதற்கும் முன்னால், 1990ல் காட்ஸ், மேயர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உதவிக்காலத்தை ஒரு வாரம் நீட்டினால் வாங்குகிறவர் வேலையில்லாமல் இருக்கும் காலம் சராசரியாக 0.16 முதல் 0.20 வாரம் வரை கூடுகிறது என்று கண்டார்கள். விளைவு உண்டு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வாரம் நீட்டினால் கூடுவது இரண்டு வாரம் அல்லது அதற்கும் குறைவு. மீதி எட்டு வாரமும் அவர் உதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலையில்லாமல்தான் இருந்திருப்பார். அந்த எட்டு வாரத்துக்கு அடுப்பு எரிய வேண்டாமா?

பாரோவின் கணக்குக்குப் பதில் 2011லேயே வந்துவிட்டது. ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஆட்கள் ஒவ்வொருவரின் தரவையும் வைத்துக் கணக்கிட்டபோது, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நீட்டிப்பால் கூடிய வேலையின்மை 0.1 முதல் 0.5 சதவீதப் புள்ளிதான் என்று வந்தது. அதிலும் பாதிக்கு மேல், மனம் வெறுத்து வேலை தேடுவதையே நிறுத்தியிருக்கக் கூடியவர்கள் தேடிக்கொண்டே இருந்ததால் வந்தது. தேடினால்தானே பணம்! தேடுகிறவன் கணக்கில் 'வேலையில்லாதவன்', தேடுவதை விட்டவன் கணக்கிலேயே இல்லை. புள்ளிவிவரம் அழகாக வேண்டுமென்றால் எல்லோரையும் நம்பிக்கை இழக்க வைத்தால் போதும் போலிருக்கிறது.

2009 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு காலியிடத்துக்கு வேலையில்லாதவர்கள் 6 பேருக்கு மேல். ஆறு பேரும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உழைக்கத் தயார் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவர்தான் உள்ளே போக முடியும். மீதி ஐந்து பேரின் சோம்பேறித்தனத்தை எந்த மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது?

உள்ளே போகப் பார்த்தவர்களுக்கும் என்ன நடந்தது? "தற்போது வேலையில் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்று விளம்பரம் கொடுத்தார்கள். கற்பனை இல்லை. 2011ல் நியூஜெர்சி மாநிலம் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. வேலையில்லாதவனுக்கு வேலை தர மாட்டேன் என்று ஒருவர், ஏன் வேலைக்குப் போகவில்லை என்று இன்னொருவர். பல நேரம் இரண்டு பேரும் ஒரே ஆள்.

2020 கதை கொஞ்சம் வேறு. அந்த வருஷம் மார்ச் மாதச் சட்டம் வாரத்துக்குக் கூடுதலாக 600 டாலர் கொடுத்தது, ஜூலை இறுதி வரை. அப்போது தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வேலையில் வாங்கியதை விட அதிகமாகக் கிடைத்தது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இது உபதேசிகளின் கையில் உள்ள நல்ல சீட்டு. வேலையை விட உதவி அதிகமென்றால் யார் போவார்கள் என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் இருங்கள் என்று சொன்னதே அரசாங்கம். உண்மையான சோதனை 2021ல் வந்தது. கூடுதல் தொகை 300 டாலராகக் குறைந்திருந்தது. செப்டம்பர் வரை ஓட வேண்டியதைச் சுமார் 25 மாநிலங்கள் ஜூன், ஜூலையிலேயே நிறுத்தின. பணத்தை நிறுத்தினால் ஓடி வருவார்கள் என்று சொன்னார்கள். ஓடி வந்தார்களா? அரிந்திரஜித் துபே உள்ளிட்ட ஆய்வாளர்கள் வங்கிக் கணக்குத் தரவை வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்ட் தொடக்கம் வரை, உதவியை இழந்த 8 பேரில் 1 ஆள் கூடுதலாக வேலைக்குப் போயிருந்தார். மீதி 7 பேர் செலவைக் குறைத்துக்கொண்டார்கள். செலவு என்றால் யாருடைய வியாபாரம் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்தத் தெருக் கடையுடையது.

வட கரோலினா இதற்கு எட்டு வருஷம் முன்பே வழி காட்டிவிட்டது. 2013 ஜூலையில் அதிகபட்ச வாரத் தொகையை 535 டாலரிலிருந்து 350க்கு வெட்டினார்கள். 26 வாரத்தை அதிகபட்சம் 20 ஆக்கினார்கள், வேலையின்மை குறையும்போது அது 12 வரை இறங்கும். தொகையை வெட்டும் மாநிலத்துக்கு மத்திய நீட்டிப்பு கிடையாது என்பது அன்றைய சட்டம். அதனால் சுமார் 70,000 பேருக்கு ஒரே நாளில் எல்லாமே நின்றது. அதன் பிறகு மாநிலத்தின் வேலையின்மை விகிதம் இறங்கியது என்று மார் தட்டினார்கள், வேலை தேடுவதையே விட்டவர்களையும் சேர்த்து எண்ணுங்கள் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. அதே வருஷம் டிசம்பர் 28ல் நாடு முழுவதும் நீட்டிப்பு முடிந்தது. ஒரே நாளில் 13 லட்சம் பேர். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாவது நாள்.

தொழில் கற்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்கள் என்ன கேட்டிருக்க வேண்டும்? உதவியை வாங்கிக்கொண்டே தொழில் கற்க விடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தால் "நீ வேலைக்குத் தயாராக இல்லை" என்று சொல்லி உதவியை நிறுத்துகிற விதிகள் பல மாநிலங்களில் இருந்தன. வெல்டிங் கற்கப் போனால் காசு கட், வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினால் காசு உண்டு! 2009 மே மாதம் ஒபாமா அரசு இந்த விதிகளைத் தளர்த்தச் சொல்லி மாநிலங்களைக் கேட்டது, வேலை போனவர்கள் படிப்புக்கான பெல் உதவி பெறவும் வழி செய்தது. சுத்தியல் புகழ் பாடியவர்கள் இதற்காகத் தெருவில் இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பக்கமே சத்தத்தைக் காணோம்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு ஓரம் உண்டு. ஹெச்-1பி விசாவில் நியூஜெர்சியில் வேலை செய்யும் தமிழர்களின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், வேலையிழப்புக் காப்பீட்டுக்குப் பிடித்திருப்பார்கள் (தொழிலாளியிடமும் நேரடியாகப் பிடிக்கும் மூன்று மாநிலங்களில் அது ஒன்று). வேலை போனால்? வேறு எந்த முதலாளியிடமும் உடனே சேர அனுமதி இல்லாதவர் 'வேலைக்குத் தயார்' என்ற நிபந்தனையில் மாட்டிக்கொள்வார், பெரும்பாலும் வாங்க முடியாது. 60 நாளுக்குள் இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கிருந்துகொண்டு "இந்த வெள்ளைக்காரனுக்கு உழைக்க வணங்காது, அதான் அரசாங்கம் கொடுக்குது" என்று பேசுகிற நம்மவர்கள் சிலர், தாங்களும் பிரீமியம் கட்டிவிட்டுப் பாலிசி இல்லாமல் நிற்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கணக்குப் புத்தகம். மந்தம் வந்ததும் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களின் காப்பீட்டு நிதி காலியாகி, மத்திய அரசிடம் கடன் வாங்கின. சோம்பேறிகள் தின்று தீர்த்துவிட்டார்கள் என்றார்கள். நிதி ஏன் மெலிந்திருந்தது? நல்ல காலத்தில் பல மாநிலங்கள் முதலாளிகளின் வரியைக் குறைத்துக்கொண்டே வந்தன. மத்திய வரியின் கதை அதை விட அழகு. 1940ல் இந்த வரி விதிக்கப்பட்டது சம்பளத்தின் முதல் 3,000 டாலருக்கு. ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரிக்கும் அதே 3,000தான் வரம்பு. ஓய்வூதிய வரம்பு விலைவாசியோடும் சம்பளத்தோடும் ஏறி ஏறி 2025ல் 1,76,100 டாலருக்கு வந்துவிட்டது. வேலையிழப்பு வரியின் வரம்பு 1983ல் 7,000 டாலர் ஆனது. இன்றும் 7,000தான். மாநில வரிக்கான கழிவு போக மத்திய விகிதம் 0.6 சதவீதம், அதாவது ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 42 டாலர். கோடி சம்பளம் வாங்கும் அதிகாரிக்கும் 42, கூரை மேல் நின்று ஆணி அடிப்பவனுக்கும் 42.